அல்ஜீப்ரா ஏழிலா, எட்டிலா, ஒன்பதிலா? அமெரிக்க ஜூனியர் ஹை கணக்கின் மூன்று பாதைகள்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வராந்தாவில் நிற்கும் பெற்றோர்களுக்கு, பிப்ரவரி வந்துவிட்டால் ஒரே பேச்சுதான். "உங்க பையன் அடுத்த வருஷம் எந்த மேத்?" எந்த வகுப்பு என்று யாரும் கேட்பதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். எந்தக் கணக்கு என்பதுதான் கேள்வி.

நாம் படித்த ஊரில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. ஏழாம் வகுப்பு என்றால் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். அதிலேயே இயற்கணிதம், வடிவியல், கொஞ்சம் புள்ளியியல் எல்லாம் இருக்கும். வகுப்பில் உள்ள ஐம்பது பேருக்கும் அதேதான். இங்கே அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளிகளில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வருடத்துக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கிறது: அல்ஜீப்ரா 1 (இயற்கணிதம்), ஜியாமெட்ரி (வடிவியல்), அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் (நுண்கணிதம்). ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் படிக்க வேண்டுமென்றால் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். அல்ஜீப்ரா 1 எட்டாம் வகுப்பிலேயே முடிந்திருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியோ ஒன்பதில்தான் தொடங்குகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நாம் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் இந்த ஒரு வருடக் கணக்குதான்.

பாதைகள் மூன்று. ஆறு, ஏழு, எட்டு என்று அந்தந்த வகுப்புக் கணக்கைப் படித்து ஒன்பதில் அல்ஜீப்ரா 1 எடுப்பது முதலாவது. எட்டிலேயே அல்ஜீப்ரா 1 எடுப்பது இரண்டாவது. ஏழில் அல்ஜீப்ரா 1, எட்டில் ஜியாமெட்ரி என்று போவது மூன்றாவது. எங்கள் பெரியவள் இரண்டாவது பாதையில் போனவள், இப்போது பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ரா 2 படிக்கிறாள். டெக்சஸில் இருக்கும் என் நாத்தனார் மகன் மூன்றாவதில் போனான். சின்னவன் ஆறாம் வகுப்பு. அவனுக்கான படிவம் போன வாரம் வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பாதையை நம்மவர்கள் "ரெகுலர்" என்று சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். ஏதோ பையன் ஃபெயில் ஆன மாதிரி. அந்த எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. நாங்கள் இருக்கும் கலிஃபோர்னியா 2010-ல் ஏற்றுக்கொண்ட காமன் கோர் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பிலேயே நேர்கோட்டுச் சமன்பாடு, சாய்வு, சார்பு என்றால் என்ன, இரண்டு மாறிகள் உள்ள இரட்டைச் சமன்பாடுகள், பிதாகரஸ் தேற்றம், விகிதமுறா எண்கள், கூம்பு மற்றும் கோளத்தின் கன அளவு எல்லாம் வருகின்றன. நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் பாதி இயற்கணிதம் இதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பெயரில்தான் அல்ஜீப்ரா இல்லை.

இந்தப் பாதையின் உண்மையான குறை, அது பன்னிரண்டில் ப்ரீகால்குலஸோடு நின்றுவிடுவது. கதவு மூடிவிடுவதில்லை. பத்தாம் வகுப்பில் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் ஒன்றாக எடுக்கலாம், சில பள்ளிகளில் கோடையில் ஜியாமெட்ரியை முடிக்கலாம், அல்ஜீப்ரா 2-ஐயும் ப்ரீகால்குலஸையும் ஒரே வருடத்தில் சேர்த்து நடத்தும் பள்ளிகளும் உண்டு. ஆனால் எதற்கும் விலை உண்டு. ஒரு கோடை போகும், இல்லாவிட்டால் இசை வகுப்போ ஓவிய வகுப்போ போகும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மூன்று வருடக் கணக்கைக் கட்டாயமாகக் கேட்கிறது, நான்கு வருடம் இருந்தால் நல்லது என்கிறது. கால்குலஸ் என்ற வார்த்தை அந்தக் கட்டாயத்தில் இல்லை. ஜூனியர் ஹையில், அதாவது ஒன்பதுக்கு முந்தைய வகுப்புகளில், எடுத்த அல்ஜீப்ராவை அந்த மூன்று வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் அதில் வாங்கிய மதிப்பெண்ணை ஜிபிஏ எனும் சராசரி மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பி வந்ததற்காக வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசாமல் இருந்த கதை எங்களுக்கும் உண்டு. இது அப்போது தெரிந்திருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம்.

சரி, இரண்டாவது பாதை. தமிழ்ப் பள்ளி வராந்தாவில் பாதிப் பேருக்கு மேல் குறிவைப்பது இதைத்தான். என் ஓட்டும் பெரும்பாலும் இதற்கே. ஆனால் ஒன்றைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்: அந்த ஒரு வருடத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள்? எட்டாம் வகுப்புக் கணக்கு மாயமாக மறையாது. சில பள்ளி மாவட்டங்களில் (ஓர் ஊரின் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் இரண்டு வருடத்தில் பரப்புகிறார்கள். சிலவற்றில் ஏழையும் எட்டையும் ஒரே வருடத்தில் அமுக்குகிறார்கள். சில இடங்களில் எட்டையே தாண்டி நேராக அல்ஜீப்ரா 1. மூன்றுக்கும் வெளியில் "ஆக்சிலரேட்டட்" என்று ஒரே பெயர்தான். உள்ளே இருப்பதோ வேறு வேறு.

பெரியவளுக்கு நடந்தது இரண்டாவது வகை. ஏழாம் வகுப்பில் விகிதம், சதவீதம், குறை எண்கள் எல்லாம் அமுக்கப்பட்டு, சதவீதத்துக்கு மொத்தம் எட்டு நாள் கிடைத்தது. அந்த வருடம் முழுக்க ஏ வாங்கினாள். ஒரு நாள் கடையில் ஒரு ஷூவின் விலைச் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "விலையை இருபது சதவீதம் ஏத்திட்டு, அப்புறம் இருபது சதவீதம் தள்ளுபடி கொடுத்தா?" "அதே விலைதாம்மா" என்றாள், யோசிக்காமல். நூறு டாலர் நூற்று இருபதாகி, பிறகு தொண்ணூற்றாறாக இறங்குவதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது முகம் மாறிவிட்டது. சதவீதம் எதன் மேல் என்ற கேள்வி அந்த எட்டு நாளில் வந்து போயிருக்கும், அவள் மனதில் நிற்க நேரம் கிடைத்திருக்காது.

அடுத்தது எங்கள் தவறு. அல்ஜீப்ராவுக்கு முந்தைய கோடையில் என் கணவர் அவளுக்கு நம் ஊர் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். "இந்தப் பக்கம் பிளஸ்னா அந்தப் பக்கம் போனா மைனஸ்." நமக்கெல்லாம் அப்படித்தானே வந்தது! ஒரு வாரம் பிரமாதமாகப் போயிற்று. அப்புறம் 5 − 2x = 11 வந்தது. ஐந்தை அந்தப் பக்கம் அனுப்பி −2x = 6 என்று சரியாக எழுதினாள். அடுத்த வரியில் x = 3. ஏன் என்று கேட்டால், "மைனஸ் ரெண்டு அந்தப் பக்கம் போகுதுல்ல, அப்போ பிளஸ் ரெண்டு ஆயிடும்." மூன்றைப் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் −1 வருகிறது. −3 போட்டால்தான் பதினொன்று. சமன்பாடு ஒரு தராசு, இரண்டு தட்டிலும் ஒரே காரியத்தைச் செய்தால்தான் சமன் மாறாமல் நிற்கும் என்பதைப் பள்ளி ஆசிரியை பொறுமையாக இரண்டு மாதம் நடத்தினார். நாங்கள் சொல்லிக்கொடுத்த குறுக்கு வழியை மறக்கடிக்கவே அவருக்கு அதில் பாதி நேரம் போயிருக்கும்.

அதனால் இந்தப் பாதையை எடுப்பவர்களுக்கு என் அளவுகோல் இது. அமுக்கும் இடம் கோளத்தின் கன அளவாகவோ புள்ளி வரைபடமாகவோ இருந்தால் போகட்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம். விகிதமும் சதவீதமும் குறை எண்ணுமாக இருந்தால், பள்ளியில் குறையும் நாட்களை வீட்டில் ஈடுகட்ட முடியுமா என்று முதலில் யோசியுங்கள். முடியாது என்றால் ஒன்பதில் அல்ஜீப்ரா எடுப்பதில் ஒரு கேவலமும் இல்லை.

டெக்சஸில் கதையே தலைகீழ். அங்கே 2023-ல் வந்த சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு மாநிலத் தேர்வில் கணக்கில் முதல் நாற்பது சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளைப் பள்ளியே ஆறாம் வகுப்பில் உயர் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே நாங்கள் கேட்டு வாங்குகிறோம், அங்கே மறுத்தால்தான் விலகலாம். எது நியாயம் என்றால் எனக்கு டெக்சஸ் முறைதான் பிடிக்கிறது. கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு மட்டும் கிடைப்பது என்ற குறை அதில் இல்லை. வராந்தாவில் நின்று விசாரிக்க நேரம் இல்லாத அம்மாக்களும் இருக்கிறார்களே.

இந்த நியாயச் சண்டை பழையது. கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தில் நின்ற பாப் மோசஸ், தன் மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது அவள் பள்ளியில் அல்ஜீப்ரா இல்லை என்று கண்டு, 1982-ல் மசாசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அல்ஜீப்ரா புராஜெக்ட்டைத் தொடங்கினார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா கிடைப்பதை வாக்குரிமைக்குச் சமமாக அவர் பார்த்தார். அதே சமத்துவத்தின் பெயரால் 2014-ல் சான் ஃபிரான்சிஸ்கோ எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ரா 1-ஐ எடுத்துவிட்டது. எல்லோரும் ஒன்றாகப் படிக்கட்டும் என்ற எண்ணம். வசதியுள்ள வீடுகள் வெளியில் காசு கட்டிப் படிக்கவைத்துக்கொண்டன. பத்து வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அந்த நகர வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள்.

மூன்றாவது பாதையைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, நாத்தனார் வீட்டில் பார்த்ததுதான். டெக்சஸில் பாடத்தைப் படிக்காமலேயே தேர்வெழுதி எண்பது சதவீதம் வாங்கினால் அந்தப் பாடத்தைத் தாண்டிவிடலாம். கோடை முழுக்கப் படித்துத் தாண்டினான். ஏழில் அல்ஜீப்ரா, எட்டில் ஜியாமெட்ரி. அவன் கணக்கையே விளையாட்டாக வைத்திருக்கும் பிள்ளை, கேட்டதே அவன்தான், அதனால் நன்றாகப் போகிறது. பதினொன்றில் ஏபி கால்குலஸ் (கல்லூரித் தரத்தில் பள்ளியிலேயே நடக்கும் பாடம்) முடிந்துவிடும். பன்னிரண்டில் என்ன என்றால் புள்ளியியல் எடுக்கலாம், இல்லை சமூகக் கல்லூரிக்குப் போய்ப் படிக்க வேண்டும். "அவசரப்பட்டு ஓடினோமே அத்தை, அங்க போனா கடை மூடியிருக்கு" என்று அவனே சிரிக்கிறான். பெற்றோர் தள்ளி இந்தப் பாதைக்கு வந்த இன்னும் இரண்டு பிள்ளைகளை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ரா 2-வைத் திரும்ப எடுத்தார்கள்.

கணக்குப் பசி உள்ள பிள்ளைக்கு வேகம் ஒன்றுதான் தீனி என்பதில்லை. எட்டாம் வகுப்புக்குள் இருப்பவர்கள் எழுதும் ஏஎம்சி 8 போட்டியில் நாற்பது நிமிடத்துக்கு இருபத்தைந்து கேள்விகள். அல்ஜீப்ரா தெரியாமலேயே மண்டையைக் குடையும் எண்ணியல், எண்ணிக்கைக் கணக்குகள் அதில் கொட்டிக் கிடக்கின்றன. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து மேஜையில் போட்டுப் பாருங்கள். பிள்ளை தானாக வந்து உட்கார்ந்தால் ஒரு பதில் கிடைத்துவிடும்.

அப்புறம் இந்தப் பாதைகளுக்கான தேர்வுகள். மேப் போன்ற கணினித் தேர்வு, சரியாகச் சொல்லச் சொல்லக் கடினமான கேள்வியைக் கொடுத்து, முடிவில் ஒரு எண்ணைத் தரும். அந்த எண்ணை வராந்தாவில் ஒப்பிடலாம், வேறு பெரிய பயன் அதில் எனக்குத் தெரியவில்லை. வெளியே டியூஷனில் மேலோட்டமாகத் தொட்ட பாடமும் எண்ணை ஏற்றிவிடும். கலிஃபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் எம்டிடிபி என்ற கண்டறிதல் தேர்வு எனக்குப் பிடித்தது. பின்னத்தில் இவ்வளவு, சதவீதத்தில் இவ்வளவு, சமன்பாட்டில் இவ்வளவு என்று பாடவாரியாகக் காட்டும். உங்கள் பள்ளி எந்தத் தேர்வை வைத்தாலும், மொத்த மதிப்பெண்ணோடு விடாமல் தலைப்புவாரியான தாளைக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது இன்னொரு பிடியும் உண்டு. 2015-ல் வந்த கலிஃபோர்னியா சட்டப்படி, பிள்ளையை எந்தக் கணக்கில் போடுவது என்ற விதிகளை மாவட்டம் வெளிப்படையாக வைத்திருக்க வேண்டும், பள்ளி திறந்த முதல் மாதத்துக்குள் ஒரு முறையாவது சரியான இடத்தில்தான் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

சின்னவனின் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. சாதாரண ஏழு, ஏழும் எட்டும் சேர்ந்தது, மூன்றாவதாகக் கோடையில் தாண்டல் தேர்வு. வியாழக்கிழமை இரவு பெரியவள் அவனைக் கூப்பிட்டு ஒரு தாளில் 5 − 2x = 11 என்று எழுதிக் கொடுத்தாள். வேண்டுமென்றே அதே கணக்கு. அவனுக்கு இன்னும் யாரும் எந்த வித்தையும் சொல்லித்தரவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தான். "அஞ்சுல இருந்து எதையோ எடுத்தா பதினொண்ணு ஆகுது. குறையறதுக்குப் பதிலா கூடுது. அப்போ எடுத்தது மைனஸ் ஆறு. ரெண்டு x சேர்ந்து மைனஸ் ஆறுன்னா, ஒண்ணு மைனஸ் மூணு."

பெரியவள் என்னைப் பார்த்தாள். "அப்பாகிட்ட சொல்லிடு, இந்த சம்மர் இவனுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்னு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். நான் நடுக் கட்டத்தில் டிக் போட்டு, சதவீதத்துக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதிப் பையில் வைத்தேன்.