உபுண்டுவில் புது பைத்தான்: டெட்ஸ்நேக்ஸா, பைஎன்வியா, யூவியா?

பாளையங்கோட்டையில் நான் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் லேபில் ஓடுவது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதோடு வரும் பைத்தான் என்ற நிரல்மொழியின் பதிப்பு 3.10. அந்த உபுண்டு இருக்கும்வரை அது 3.10தான், பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், பதிப்பு மாறாது. பசங்க கொண்டுவரும் ப்ராஜெக்டோ 3.12, 3.13 என்று கேட்கிறது. அங்கேதான் ஆர்வலர்கள் கட்டித் தரும் பேக்கேஜ்கள் கைகொடுக்கின்றன. எது சுலபமாக இன்ஸ்டால் ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அதை யார் அப்டேட் செய்வார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

எதைப் போட்டாலும் சிஸ்டத்தின் பைத்தானை மட்டும் தொடக் கூடாது. புதுசைப் போட்ட கையோடு 'பைத்தான்3' என்ற இணைப்பை அதற்குத் திருப்பச் சொல்லும் குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன. அதைப் பார்த்துச் செய்த ஒரு மாணவர், "சார், டெர்மினலே தொறக்க மாட்டேங்கு" என்று வந்து நின்றார். 22.04-இல் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலை, திறந்துவிடுவதே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். அதற்கு வேண்டிய மாட்யூல் 3.10-க்காகக் கட்டப்பட்டது, 3.13 அதைக் கண்டுபிடிக்காது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய் இணைப்பைப் பழையபடி 3.10-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

டெட்ஸ்நேக்ஸ் என்பது லாஞ்ச்பேட் தளத்தில் உள்ள ஒரு பிபிஏ, அதாவது உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியே ஆர்வலர்கள் நடத்தும் பேக்கேஜ் களஞ்சியம். சேர்த்துவிட்டால் 3.13 வந்து 3.10-க்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்துகொள்ளும். வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்கான (ஒவ்வொரு ப்ராஜெக்டின் லைப்ரரிகளையும் தனித்தனியே வைக்கும் அமைப்பு) பேக்கேஜைத் தனியே போட வேண்டும், அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்ததே அப்டேட் நடக்கும் விதம். உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் செய்யும் வழக்கமான அப்கிரேடிலேயே 3.13.1 இருந்த இடத்தில் 3.13.2 வந்துவிடும். ஏற்கெனவே உருவாக்கிய என்விரான்மென்ட்கள் அதே பாதையைப் பார்ப்பதால் அவற்றுக்கும் புதுசு தானாகக் கிடைக்கும். இணைய இணைப்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரிகூட உபுண்டுவினுடையதே. அதில் ஓட்டை அடைபட்டால் இந்தப் பைத்தானுக்கும் சேர்த்தே அடைபடும். ஆனால் திருத்தங்கள் காலத்தோடு வரும் என்று உத்தரவாதம் தரமுடியாது என அதை நடத்துபவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். வெளியுலகம் தொடும் சர்வரில் இதைப் போடுமுன் யோசியுங்கள். நிர்வாகி பாஸ்வேர்டும் தேவை.

பைஎன்வி என்ற கருவி பைத்தானை அதன் மூல நிரலிலிருந்து (சோர்ஸ்) நம் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்கிறது. எந்தப் பதிப்பும் கிடைக்கும், எல்லாம் நம் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். ஆனால் கம்பைல் செய்யத் தேவையான டெவலப்மென்ட் பேக்கேஜ்களை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸுக்கு உரியது இல்லையென்றால், ஒரு எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். அப்புறம் ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கை ஓட்டும்போதுதான் மாட்யூல் இல்லை என்று தெரியும். விடுபட்டதைப் போட்டு மறுபடி முதலிலிருந்து கம்பைல். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போன நாளில், பழைய லேப்டாப் பேட்டரியில் இதைச் செய்யச் சொல்லி யாரையும் நான் அனுப்ப மாட்டேன். அப்டேட்டும் சிரமம்தான். 3.13.2 தனி ஃபோல்டராக இறங்கும், பழைய என்விரான்மென்ட்கள் 3.13.1-லேயே நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக நாம்தான் மறுபடி உருவாக்க வேண்டும்.

யூவி, பைத்தானையும் அதன் லைப்ரரிகளையும் இறக்கி நிர்வகிக்கும் கருவி, ஆஸ்ட்ரல் நிறுவனம் 2024-இல் வெளியிட்டது. அது இறக்கும் பைத்தான், கிரகரி சோர்க் தொடங்கிய 'பைத்தான் பில்ட் ஸ்டாண்டலோன்' என்ற திட்டத்திலிருந்து வருகிறது. 2024 டிசம்பரில் அந்தத் திட்டத்தின் பொறுப்பும் ஆஸ்ட்ரலுக்குப் போனது. கம்பைலும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. சில பத்து எம்பிதான் இறங்கும் என்பதால் களக்காட்டிலோ அம்பாசமுத்திரத்திலோ போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைக்கு இதுவே நிம்மதி. இரண்டு விஷயங்கள் மட்டும் நினைவில் இருக்கட்டும். எந்தெந்தப் பைத்தான் உண்டு என்ற பட்டியல் யூவிக்குள்ளேயே இருக்கிறது. முதலில் யூவியைப் புதுப்பித்தால்தான் புதுப் பைத்தான் கண்ணில் படும். ஓப்பன்எஸ்எஸ்எல்லும் அந்தப் பைத்தானுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. ஆப்ட் எதைத் திருத்தினாலும் அது இதற்குள் வராது.

தலைப்பில் இல்லாத இன்னொரு வழியும் உண்டு: காண்டா-ஃபோர்ஜ், பைத்தானையும் மற்ற லைப்ரரிகளையும் பேக்கேஜாகக் கட்டித் தரும், 2015-இல் தொடங்கிய சமூகத் திட்டம். தாமிரபரணிப் படுகையின் செயற்கைக்கோள் படங்களை ஜிடால் என்ற வரைபட லைப்ரரி கொண்டு அலசும் ஆராய்ச்சி மாணவருக்கு, மினிஃபோர்ஜ் என்ற அதன் இன்ஸ்டாலர் வழியாக இதையே சொல்வேன், ஏனென்றால் பைத்தான் அல்லாத லைப்ரரிகளும் பொருத்தமான பதிப்பிலேயே சேர்ந்து வரும். வெறும் பைத்தானுக்கு இவ்வளவு டேட்டா செலவழிக்கத் தேவையில்லை.

பலர் கை மாறும் லேப் கம்ப்யூட்டருக்கு டெட்ஸ்நேக்ஸ், சொந்த லேப்டாப்புக்கு யூவி: என் தேர்வு இதுதான். டீபக் பில்ட் (பிழை தேடுவதற்காகக் கட்டிய பைத்தான்) மாதிரி விசேஷமாக ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் பைஎன்வி.

லேப் பொறுப்பில் இருப்பவர்கள் 24.04-க்கு மாறும்போது கவனியுங்கள். அப்கிரேட் வெளி பிபிஏக்களை முடக்கிவிடும். டெட்ஸ்நேக்ஸை மறுபடி இயக்க வேண்டும். 24.04-இன் சொந்தப் பைத்தானே 3.12 என்பதால் அந்தப் பதிப்பு மட்டும் அதில் கிடைக்காது. சிஸ்டத்தின் 3.10-ஐ வைத்து உருவாக்கிய என்விரான்மென்ட்கள் உடைந்துபோகும். அதனால் அப்கிரேடைத் தொடங்குமுன்பே ஒவ்வொரு ப்ராஜெக்டின் லைப்ரரிப் பட்டியலையும் ஒரு ஃபைலில் எடுத்து வைத்துவிடுங்கள்.