வைக்கோல் ரோல் கட்டு: ஒரு கோடை போட்டுப் பார்த்ததில்

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி கட்டி மாடு மேய விடுகிற மானாவாரி நிலம். பங்குனி பிறந்தால் கொழுக்கட்டைப் புல் தூர் மட்டும்தான் மிஞ்சும். மழை விழுகிற வரைக்கும் ஐந்து காங்கேயம் மாடுகளுக்கும் காய்ந்த தீவனம் போட்டாக வேண்டும். வழக்கமாகச் சோளத்தட்டுப் போர் இருக்கும். போன வருடம் சோளம் ஏமாற்றிவிட்டதால், டெல்டா பக்கம் மெஷினில் சுற்றி வருகிற வைக்கோல் ரோல் கட்டை முதல்முறையாக வாங்கினோம். லாரி லோடில் எங்கள் பங்கு 100 கட்டு. இறக்குகூலி சேர்த்துக் கட்டு 170 ரூபாய்.

பத்துக் கட்டை எடை போட்டேன். 13 கிலோவும் இருந்தது, 17 கிலோவும் இருந்தது. கட்டுக் கணக்கில் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, காட்டுக்குள்ளேயே கொண்டுபோய் விரிக்க முடிவதுதான். உதிரி வைக்கோல் என்றால் கட்டுத்தறியில் போட்டு, சாணியை அள்ளி, திரும்பக் காட்டுக்குச் சுமக்க வேண்டும். இது அப்படியில்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு கட்டு வைத்து நான் ஒருத்தியே கொண்டுபோய்விடுவேன். கயிற்றை அறுத்து, சரிவு பார்த்துக் காலால் தள்ளினால் பாய் மாதிரி உருண்டு விரியும். இரண்டு பக்கமும் மாடுகள் வரிசையாக நின்றுகொள்ளும். மற்றதை முட்டித் தள்ளுகிற காரிப் பசுகூடத் தன் பாட்டுக்குத் தின்றது. அப்புறம் நேராக வெள்வேல மரத்தடிக்குப் போய், உதிர்ந்து கிடக்கிற காயைப் பொறுக்கும். தினமும் இடம் மாற்றி, புல்லே பிடிக்காத கட்டாந்தரையாகப் பார்த்து விரித்தேன்.

கயிறு விஷயத்தில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது பிளாஸ்டிக் கயிறு. ஒருநாள் செவலைக் கிடாரி வாயோரம் நீலமாக ஒரு நுனி தொங்கியது. மெதுவாக இழுத்தால் முழங்கை நீளத்துக்கு வருகிறது, ஈரமாக, வைக்கோல் சிக்கியபடி. கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து அறுத்த கயிற்றை எண்ணி, பையில் போட்டுக்கொண்டுதான் காட்டைவிட்டு வெளியே வருவேன். சணல் கயிறு கட்டு கிடைத்தால் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.

ஏழு கட்டு நடுவில் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஈரத்தோடு சுற்றியிருக்கிறார்கள். மேலே பொன்னிறமாகத்தான் தெரியும். நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பும் புளித்த வாடையும் வரும். வியாபாரி நாலுக்கு மட்டும் பணம் கழித்துக்கொண்டார். ஏழையும் மாட்டுக்குக் காட்டாமல் எருக்குழியில் போட்டோம்.

சத்து என்று பார்த்தால் வைக்கோல் சோளத்தட்டுக்கு ஈடாகாது, புரதம் மூன்று நாலு சதவீதம்தான். வயிறு நிறையும், அவ்வளவுதான். கடலைப் புண்ணாக்கும் தாது உப்பும் விடாமல் கொடுத்தேன். நாளுக்கு இரண்டு கட்டு வீதம் 46 நாள் ஓடியது. மாடுகள் எலும்பு தெரியாமல் கோடையைத் தாண்டின.

ஐப்பசி மழைக்குப் பிறகு காட்டைச் சுற்றி வந்தேன். வைக்கோல் விரித்து, சாணி விழுந்த அந்தக் கட்டாந்தரையில் பட்டை பட்டையாகக் கொழுக்கட்டைப் புல் முளைத்திருந்தது. மாமியாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். இந்த மாசியிலும் 100 கட்டு சொல்லப்போகிறோம். லாரியிலிருந்து இறக்கும் முன்பே நாலைந்து கட்டை அறுத்து நடுவைப் பார்ப்பேன்.