கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து கேட்டால் ஏமாறாதீர்கள்

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து போடணும்." கருக்கலைப்புக்குப் போகும் பெண்ணை இப்படித் திருப்பி அனுப்பும் மருத்துவமனைகள் இன்றும் இருக்கின்றன. 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அப்படி ஒரு கையெழுத்தைக் கேட்கவே இல்லை. 18 வயது நிறைந்தவர் என்றால் அவருடைய சம்மதம் மட்டும் போதும். அதற்கான தாளின் பெயர் படிவம் 'சி'. 18-க்குக் கீழ் என்றாலோ மனநோய் இருந்தாலோதான் காப்பாளர் கையெழுத்து.

அலைய விடுவதில்தான் காசு இருக்கிறது. மாத்திரையால் கலைக்க 9 வாரம் வரைதான் அனுமதி. கையெழுத்துக்காகப் பத்து நாள் அலைந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும், பிறகு கருவி வைத்து எடுக்க வேண்டும், பில் ஏறும். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணிப் போகிறவர்கள் இரண்டு வாரம் பிந்தித்தான் போய்ச் சேருகிறார்கள்.

கல்யாணம் ஆகாதவர்களிடம் வேறு பாட்டு: "சட்டப்படி முடியாது, ஆனா பார்த்துக்கலாம்." அந்த 'பார்த்துக்கலாம்'தான் இரண்டு மடங்கு கட்டணம். கருத்தடை தவறி உண்டான கர்ப்பம் பற்றிச் சொல்லும் இடத்தில் 'கணவர்' என்றிருந்ததை 2021 திருத்தம் 'துணை' என்று மாற்றிவிட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகள் சொல்லும் சில பிரிவினருக்கு, இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அந்தப் பிரிவிலும் மணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்று 29.9.2022 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பெண்ணின் பெயரை வெளியே விட்டால் ஓராண்டு வரை சிறை.

தனியார் இடம் என்றால் கருக்கலைப்பு செய்ய அந்த இடத்துக்குக் கிடைத்த அனுமதியான படிவம் 'பி' சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே உட்காராதீர்கள்.

இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கடைசியில் போய் நிற்பது மருந்துக் கடையில். கருக்கலைப்பு மாத்திரையின் முழு அட்டையில் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, மிசோபிரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு இருக்கும். முதலாவதை விழுங்கி ஒன்று, இரண்டு நாள் கழித்துத்தான் மற்ற நான்கும். உதிரியாக இரண்டு மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்தால் பாதியில் நின்று, கரு மிச்சம் தங்கலாம். அதைவிட ஆபத்து, கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருப்பது. இந்த மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தப்போக்கைப் பார்த்து 'முடிந்தது' என்று நினைத்திருக்கும்போதே குழாய் வெடிக்கலாம். அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனை. பெரிய நாப்கின் மணிக்கு இரண்டு வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலும் அப்படியே.

இன்னொரு பேரம்: "காப்பர் டி போட்டுக்கிட்டாதான் செய்வோம்." காப்பர் டி என்பது கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம். இந்தப் பேரத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. பிரசவத்தோடு காப்பர் டி போட, பிரசவ அறையில் வலியோடு கிடக்கும்போது நீட்டும் தாளும் சம்மதம் ஆகாது, கர்ப்ப காலப் பரிசோதனையிலேயே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் காப்பர் டி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்: 380ஏ என்றால் பத்து ஆண்டு, 375 என்றால் ஐந்து. எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதற்கும் கணவர் கையெழுத்து தேவையில்லை. எடுக்கப் போகும்போது "காப்பர் டி நூல் தெரியலை" என்று திருப்பி அனுப்பினால் ஸ்கேன் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரசவத்தோடு போட்டதில் நூல் உள்ளே சுருண்டு கிடப்பது சாதாரணம்.

மறுத்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.