ரால்ஸா, நோசிக்கா?

சமூகத்தில் செல்வம் எப்படிப் பகிரப்பட்டால் நீதி என்ற கேள்விக்கு எதிரெதிர் விடை தந்த இருவரும் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர்கள். ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாடு 1971-இல் நூலானது. ராபர்ட் நோசிக்கின் மறுப்பு 1974-இல் வந்தது.

எந்த வீட்டில், எந்த உடலோடு, எந்தத் திறமையோடு பிறப்போம் என்று தெரியாமல் ஓர் 'அறியாமைத் திரை'க்குப் பின்னால் நின்றால் எத்தகைய சமூகத்தைத் தேர்ந்தெடுப்போம் என்று கேட்டார் ரால்ஸ். அடிப்படைச் சுதந்திரங்கள் எல்லோருக்கும் சமம். வாய்ப்புகள் நியாயமாகத் திறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வரும் ஏற்றத்தாழ்வு கடைக்கோடியில் இருப்பவருக்கு நன்மை தந்தால் மட்டுமே ஏற்கலாம்.

நோசிக்குக்கோ சொத்து வந்த வழிதான் முக்கியம். கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினைக் காண 10 லட்சம் பேர் தலா 25 சென்ட் மனமுவந்து கொடுத்தால், அவரிடம் சேரும் 2,50,000 டாலரில் அநீதி எங்கே என்றார். வலுவான வாதம்தான், எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், உழைத்த ஊதியத்துக்கு வரி விதிப்பது கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று அவர் சொல்லும்போது என்னால் உடன்செல்ல முடியவில்லை. சேம்பர்லினின் உயரம் அவர் உழைத்துப் பெற்றதா? அந்தக் கேள்வியில் நான் ரால்ஸின் பக்கம்.

ஒன்றை மட்டும் நோசிக்கின் ஆதரவாளர்கள் மறந்துவிடக் கூடாது: அநியாயமாகப் பறிக்கப்பட்ட சொத்துக்குப் பரிகாரம் வேண்டும் என்பதை அவரும் ஏற்றிருந்தார்.