இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறார்களா? முதலில் மேல்விளிம்பைப் பாருங்கள்

நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 9,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். குளச்சலிலிருந்து மழையில் பஸ் ஏறிப் போய் ஏமாந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 6 ஜிபி நினைவகம். புதிய விளையாட்டுகள் திணறுகின்றன என்றேன். கடைக்காரர் அதே வகையில் பழைய கார்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இரண்டு பேர் துடுப்புப் போட்டால் வள்ளம் வேகமாகத்தானே போகும், மக்களே? ஆறும் ஆறும் பன்னிரண்டு ஜிபி." கடற்கரைக்காரனிடம் வள்ளக் கணக்குச் சொன்னால் விழாமல் இருப்பானா?

வீட்டில் பொருத்தி, விளையாட்டை ஓடவிட்டு, எந்தக் கார்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். முதல் கார்டு 99 சதவீதம், இரண்டாவது 0. அரை மணி நேரம் பார்த்தும் அந்த 0 அசையவில்லை. இரண்டு கார்டுகளுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம்தான். மேல் கார்டின் விசிறி காற்றில்லாமல் அலறியது. 68 டிகிரியில் இருந்த சூடு 83க்கு ஏறியது. வேகம் முன்பைவிடக் குறைந்தது. கடைக்காரரிடம் போனில் கேட்டால், "கார்டின் டிரைவர் மென்பொருளை அப்டேட் செய், சரியாகிவிடும்" என்றார்.

சரியாகாது. என்விடியா கார்டுகளை இணைக்கும் எஸ்எல்ஐ முறைக்குக் கார்டின் மேல்விளிம்பில் தங்க நிறப் பல்வரிசை வேண்டும். இணைப்புப் பாலம் அதில்தான் மாட்டும். 1070, 1080 கார்டுகளில் அது உண்டு. 2016இல் வந்த 1060இல் கிடையவே கிடையாது. துடுப்பில்லாத ஆளை வள்ளத்தில் ஏற்றியிருக்கிறேன்! இணைந்தாலும் நினைவகம் கூடிவிடாது. திரையில் ஓடும் படங்களை (ஃபிரேம்) இரண்டும் மாறி மாறி வரைவதால், ஒரே காட்சியின் தரவு இரண்டிலும் தனித்தனியே இருக்க வேண்டும். ஆறும் ஆறும் ஆறுதான். மேலும், 2021 ஜனவரி முதல் பழைய கார்டுகளுக்கு, புதிய விளையாட்டுகளுக்கான எஸ்எல்ஐ அமைப்புகளை டிரைவரில் சேர்ப்பதையே என்விடியா நிறுத்திவிட்டது. விண்டோஸில் விளையாட்டும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் டைரக்ட்எக்ஸ் 12 மென்பொருளில், இரண்டு கார்டுகளும் சேர்ந்து உழைக்க விளையாட்டை உருவாக்குபவர்களே வழிசெய்யலாம். செய்தவர்கள் மிகச் சிலர்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். 3,000 ரூபாய் தருகிறேன் என்றார். மறுத்துவிட்டு நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்போதுதான் அந்தத் துண்டுச்சீட்டை எடுத்து ஒழுங்காகப் படித்தேன்: "உதிரிபாகம் – 1". கார்டின் பெயரும் இல்லை, கடையின் முத்திரையும் இல்லை.