போர் தண்ணீரோடு எட்டு ஆண்டுகள்: கீசர், வாஷிங் மெஷின், ஆர்.ஓ.

திருநெல்வேலி குறுக்குத்துறை வீட்டில் அம்மா வெந்நீர் போட்ட அலுமினிய அண்டா, இருபது ஆண்டுகள் கழித்தும் உள்ளே வழுவழுவென்றே இருந்தது. தாமிரபரணித் தண்ணீரைத் தவிர வேறு எதையும் அதுவரை அது கண்டதில்லை. 2017-இல் பெருமாள்புரத்துக்கு அப்பால் வீடு கட்டிக் குடிவந்தோம். 280 அடியில் போர் (ஆழ்துளைக் கிணறு), ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாநகராட்சி தரும் ஆற்றுத் தண்ணீர். மாடித் தொட்டி ஒன்றுதான் என்பதால் இரண்டும் அதிலேயே கலந்தன. எங்கள் தொல்லை அங்கிருந்து தொடங்கியது.

முதலில் போனது 15 லிட்டர் கீசர். வாங்கி இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. ஒரு வாரமாகவே சோற்றுப்பானை கொதிப்பதுபோல உள்ளே சத்தம். மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றியதும் சுண்ணாம்புச் சில்லுகள் கொட்டின. மூன்று சிரட்டை நிறைய அள்ளினோம். தண்ணீரைச் சூடாக்கும் காயிலைச் சுற்றி விரல் தடிமனுக்குப் பொருக்கு. நடுவில் காயில் வெடித்திருந்தது. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகும் மெக்னீசியக் கம்பி ஒன்று உள்ளே இருக்கும். அதில் வெறும் இரும்பு நரம்புதான் மிச்சம். “தண்ணீர் இப்படி இருந்தால் எந்த கீசரும் நிற்காது, அக்கா” என்றார் அவர். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கீசர் மேல்தான். அது தவறு என்று பிறகு புரிந்தது.

போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். மொத்தக் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த அளவு, லிட்டருக்கு 680 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கும் அளவு 200. வேறு வழியே இல்லாத இடத்தில்கூட 600-தான். கடைக்காரர்கள் முக்கிக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்றுதான் அது மதிப்பிடும். அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கீசரைக் கெடுப்பவை அந்த இரண்டும்தான்.

நம் பக்கத்து நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் பட்டைகள் உண்டு; தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை வந்ததே அந்தக் கல்லுக்காகத்தான். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வழியில் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு பைகார்பனேட்டாகச் சுமந்து வருகிறது. சூடுபட்டால் அது கார்பனேட்டாகப் பிரிந்து கல்லாகப் படிகிறது. பொதிகையின் கெட்டிப் பாறையில் விழுந்து ஓடிவரும் ஆற்றுக்கு அந்தச் சுமை குறைவு.

ஆகவே, தண்ணீர் சூடாகிற இடத்தைக் காப்பாற்றினால் பெரும்பகுதி தீர்ந்தது. இதைப் புரிந்துகொள்ள மூன்று ஆண்டுகளும் நிறையப் பணமும் ஆயின. குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தக் கருவியை ஓர் ஆண்டு வைத்திருந்தோம். பொருக்கில் எந்த வித்தியாசமும் இல்லை. வள்ளியூரில் தம்பி வீட்டில் கடினத்தன்மையை நீக்கும், பிசின் மணிகள் நிரப்பிய சாஃப்ட்னர் இருக்கிறது. அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அது சோடியத்தைத்தான் கொடுக்கிறது, தண்ணீர் இனித்துவிடாது. உப்பு வாங்கிப் போட்டபடி இருக்க வேண்டும். கழுவிவிடும் உப்புநீர் பாய்ந்து அவன் வைத்த முருங்கையும் இரண்டு தென்னம்பிள்ளைகளும் கருகின.

நாங்கள் 2020-இல் மாடியில் 500 லிட்டரில் இரண்டாவது தொட்டி வைத்து, அதை மாநகராட்சித் தண்ணீருக்கு மட்டும் ஒதுக்கினோம். கீசர், அடுக்களை, வாஷிங் மெஷின் மூன்றுக்கும் அதிலிருந்து தனிக் குழாய். பாத்திரம் கழுவ, கழிப்பறை, செடிகள் எல்லாம் போர். செலவில் பாதி, சுவரை உடைத்துக் குழாய் பதித்ததற்கே போனது. வீடு கட்டும்போதே போட்டிருந்தால் மிக மலிவாக முடிந்திருக்கும். புதிதாகக் கட்டுபவர்களிடம் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அன்று மாட்டிய காயில்தான் இன்றும் ஓடுகிறது. தெர்மோஸ்டாட்டை உச்சத்திலிருந்து நடுவுக்குக் குறைத்திருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு அது போதும்.

வாஷிங் மெஷின் தப்பித்ததற்குக் காரணம், தொடக்கத்திலிருந்தே பச்சைத் தண்ணீரில் துவைத்ததுதான். போர் தண்ணீரில் துண்டுகள் அப்பளம் போல விறைத்தன. பவுடர் கூடுதலாகப் போட்டால் துணியில் வெள்ளைத் திட்டு. குழாய் சேரும் இடத்தில் உள்ள சின்ன வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம் எலுமிச்சை உப்பைப் போட்டு, துணியில்லாமல் சூட்டில் ஓட்டுகிறேன். உங்கள் மெஷினுக்கு அது ஆகுமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் அதைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினில் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பரேன், போர் தண்ணீரில் பத்து மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது அந்த மெஷினையே எடுத்துவிட்டோம். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி மண்பானையில் ஊற்றுகிறோம். சாம்பார்ப் பருப்பும் இப்போது இரண்டு விசில் முன்னதாகவே வெந்துவிடுகிறது. அத்தைக்கு அதில்தான் பெரிய திருப்தி.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு மாநகராட்சித் தண்ணீர் பல நாள் வரவில்லை. வேறு வழியின்றி போர் தண்ணீரை இரண்டாவது தொட்டிக்கும் திறந்துவிட்டோம். அடுத்த சர்வீஸில் காயிலைப் பார்த்தபோது, மூன்று ஆண்டுகளாக இல்லாத பொருக்கு முட்டையோடு அளவுக்குப் படிந்திருந்தது. அதன்பிறகு அந்த வால்வைத் திறக்க நேர்ந்தால் முதலில் கீசர் சுவிட்சை அணைக்கிறேன். அந்த நாட்களில் வெந்நீருக்கு அம்மாவின் அண்டாதான் அடுப்பில் ஏறுகிறது. அதில் படிவதைத் தேங்காய் நாரும் புளியும் போட்டுத் தேய்த்து எடுத்துவிட முடிகிறது.