கல்லீரலை அளக்க எது தகும்? எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்டு, ஃபைப்ரோஸ்கேன், பயாப்சி: ஓர் ஒப்பீடு

முழு உடல் பரிசோதனை செய்துகொண்ட பலருடைய அறிக்கையில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்றொரு வரி இருக்கும். அதைப் படித்ததும் மூன்று ஐயங்கள் எழுகின்றன. ஈரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது? தழும்பேறி இறுகத் தொடங்கிவிட்டதா? ஓராண்டு கழித்துப் பார்த்தால் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று உறுதியாகத் தெரியுமா? அந்த வரியைத் தந்த வழக்கமான அல்ட்ராசவுண்டு இவற்றுள் எதற்கும் நம்பத்தக்க எண்ணைத் தருவதில்லை. எம்.ஆர்.ஐ. மூன்றுக்கும் எண்களைத் தருகிறது. ஆனாலும் முதல் நாளே எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை.

அல்ட்ராசவுண்டில் ஈரலின் வெண்மை, பக்கத்திலுள்ள சிறுநீரகத்தின் வெண்மையோடு கண்ணால் ஒப்பிடப்படுகிறது. கிரேடு என்பது பார்ப்பவரின் மதிப்பீடு. இன்று ஒருவர் 1 என்று எழுதியதை நாளை இன்னொருவர் 2 என்று எழுதக்கூடும். ஈரல் செல்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் குறைவானவற்றில் மட்டும் கொழுப்பு இருந்தால் அது கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. இருந்தாலும் பித்தப்பைக் கல், வயிற்றில் கோத்த நீர், ஈரலுக்குச் செல்லும் பெருஞ்சிரையின் இரத்த ஓட்டம் ஆகியவற்றைக் குறைந்த செலவில், கதிர்வீச்சில்லாமல் காட்டும் கருவி அது. தொடக்கச் சோதனையாக அதற்குரிய இடம் பறிபோகவில்லை.

கொழுப்பை அளப்பதில் எம்.ஆர்.ஐ.யின் வலிமை ஓர் எளிய இயற்பியல் உண்மையிலிருந்து வருகிறது. நீரிலுள்ள ஹைட்ரஜன் கருவும் கொழுப்பிலுள்ள ஹைட்ரஜன் கருவும் ஒரே காந்தப்புலத்தில் சற்றே வேறுபட்ட வேகத்தில் சுழல்கின்றன. 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் இந்த வேறுபாடு நொடிக்கு ஏறத்தாழ 220 சுற்றுகள். எனவே சுமார் 2.3 மில்லிநொடியில் இரண்டின் சைகைகளும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று குறைக்கின்றன, 4.6 மில்லிநொடியில் ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன. இதைப் பயன்படுத்தி நீரையும் கொழுப்பையும் பிரித்துப் படமெடுக்கும் முறையை டிக்சன் என்னும் ஆய்வாளர் 1984இல் வெளியிட்டார். அதன் வளர்ந்த வடிவம்தான் இன்று 'கொழுப்புப் பின்னம்' என்னும் அளவாக, அதாவது நீரும் கொழுப்பும் சேர்ந்த மொத்தச் சைகையில் கொழுப்பின் பங்காக, அறிக்கைகளில் வருகிறது. ஒரே மூச்சடக்கலில், 20 நொடியளவில், ஈரல் முழுவதையும் அளந்துவிடலாம். ஊசியோ சாயமோ வேண்டியதில்லை. 5 விழுக்காட்டைத் தாண்டினால் கொழுப்பு ஈரல் என்று கொள்ளப்படுகிறது.

இதை, ஊசியால் எடுத்த ஈரல் திசுவை ஆராயும் பயாப்சியின் அறிக்கையிலுள்ள விழுக்காட்டோடு நேராக ஒப்பிடக் கூடாது. நோயியல் மருத்துவர் எண்ணுவது கொழுப்புத் துளி உள்ள செல்களை, எம்.ஆர்.ஐ. எண்ணுவது கொழுப்பிலுள்ள ஹைட்ரஜன் கருக்களை. பயாப்சியில் 66 விழுக்காட்டுக்கு மேல் என்று எழுதப்படும் மிகுதியான கொழுப்பு, எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் இருபதுகளில்தான் நிற்கும். இந்த வேறுபாடு தெரியாதவர் தம் ஈரல் தேறிவிட்டதாகத் தவறாக மகிழ நேரும்.

தோலின்மேல் வைத்து அதிர்வாலும் ஒலியலையாலும் ஈரலை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் கருவியும் கொழுப்புக்கு ஓர் எண்ணைத் தருகிறது. ஒலியலை ஈரலுக்குள் எவ்வளவு மங்குகிறது என்பதை 100 முதல் 400 வரையிலான டெசிபெல் கணக்கில் அது சொல்லும். கொழுப்பு இருக்கிறதா என்று அறிய அது போதும். சில மாத இடைவெளியில் நேர்ந்த சிறு மாற்றத்தைப் பிடிக்கப் போதாது. புதிய மருந்துகளை ஆராய்பவர்கள் எம்.ஆர்.ஐ. கொழுப்புப் பின்னத்தை நாடுவதற்குக் காரணம் இதுதான். தொடக்க அளவிலிருந்து 30 விழுக்காடு குறைவது, அதாவது 20 என்றிருந்தது 14 ஆவது, திசுவிலும் முன்னேற்றம் இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது.

உண்மையில் நோயாளியின் வருங்காலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பைவிடத் தழும்புதான். தழும்பேறிய ஈரல் கடினமாகும். கடினமான பொருளில் அதிர்வலை விரைவாக ஓடும். ஃபைப்ரோஸ்கேன், எம்.ஆர்.ஐ. கருவியிலேயே ஈரலின் கடினத்தை அளக்கும் எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி ஆகிய இரண்டும் இந்த ஒரே தத்துவத்தைக் கையாள்கின்றன. ஃபைப்ரோஸ்கேன் விலா எலும்புகளின் இடையில் 50 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தட்டி, ஏறத்தாழ 1 செ.மீ. அகலமும் 4 செ.மீ. நீளமும் கொண்ட ஓர் உருளைப் பகுதியை அளக்கிறது. எலாஸ்டோகிராஃபியில், அறைக்கு வெளியிலுள்ள கருவியிலிருந்து குழாய் வழியே வரும் காற்றழுத்தம், விலாவின்மேல் கட்டிய தட்டை 60 ஹெர்ட்ஸில் அதிரச் செய்கிறது. ஈரலுக்குள் பரவும் அந்த அலைகளை எம்.ஆர்.ஐ. படமாகவே பிடிக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 1995இல் 'சயன்ஸ்' இதழில் இம்முறையை அறிவித்த கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் முத்துப்பிள்ளை என்பது தமிழ் வாசகர் கண்ணில் படாமல் போகாது.

இரண்டு கருவிகளும் விடையைக் கிலோபாஸ்கல் என்னும் அலகில்தான் சொல்கின்றன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டும் அளக்கும் மீள்திறன் வேறு வேறு வகையைச் சேர்ந்தது. ஃபைப்ரோஸ்கேன் எண் கணக்கின்படி ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாக வரும். ஃபைப்ரோஸ்கேனில் 5 என்றால் இயல்பான ஈரல். எலாஸ்டோகிராஃபியில் 5 என்றால், ஈரல் முழுவதும் தழும்பேறிவிடும் சிரோசிஸ் வரையில் நோய் முற்றியிருக்கலாம். சென்ற ஆண்டு ஒரு கருவியிலும் இந்த ஆண்டு மற்றொன்றிலும் அளந்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி முடிவு சொல்வது பிழை. எந்தக் கருவி என்பது எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதையே நான் முதல் நிபந்தனையாகச் சொல்வேன்.

துல்லியத்தில் எலாஸ்டோகிராஃபி முந்தி நிற்கிறது. ஈரலின் பெரும்பகுதியை அது பார்க்கிறது. பருமனானவர்களிடமும் வயிற்றில் நீர் கோத்தவர்களிடமும் வேலை செய்கிறது. ஆனால் ஈரலில் இரும்பு மிகுந்திருந்தால் சைகை மங்கி அளவீடு தோற்கக்கூடும். உணவு உண்ட உடன், கடும் மஞ்சள்காமாலையின்போது, இதயச் செயலிழப்பால் ஈரலில் இரத்தம் தேங்கியிருக்கும்போது, தழும்பே இல்லாமலும் இரண்டு கருவிகளிலும் எண் உயரும். வெறும் வயிற்றில் வரச் சொல்வது சடங்கு அன்று.

செலவையும் சேர்த்து எண்ணினால், வயது, இரண்டு ஈரல் என்சைம்கள், தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் ஃபிப்-4 மதிப்பெண் முதலில் வர வேண்டும். அது 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. முதியோருக்கு மட்டும் இந்த எல்லை சற்று உயர்த்தப்படுகிறது. மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன். அதுவும் இரத்தப் பரிசோதனையும் முரண்பட்டாலோ அளவீடு சரியாக வராவிட்டாலோ எலாஸ்டோகிராஃபி. இந்த ஏணியில் மூன்றாம் படிதான் எம்.ஆர்.ஐ.

போட்டியே இல்லாத இடம் ஒன்று அதற்கு உண்டு: இரும்பு. தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய்க்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களின் ஈரலில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்பதை, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் இரத்தத்தில் இருக்கும் அளவைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் ஏறிவிடும். எம்.ஆர்.ஐ.யோ ஊசி குத்தாமல் ஒரு கிராம் உலர் திசுவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லிவிடுகிறது.

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு எடுத்துப் புற்றுநோயைத் தேடுவதே வழக்கம். தென்கொரியாவில் அபாயம் மிகுந்த 407 நோயாளிகளிடம் அல்ட்ராசவுண்டையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், புற்றுநோய் கண்ட 43 பேரில் எம்.ஆர்.ஐ. 37 பேரைக் கண்டுபிடித்தது. அல்ட்ராசவுண்டு 12 பேரை. இந்த இடைவெளி பெரியது. ஆனால் சாயம் செலுத்தி எடுக்கும் முழு எம்.ஆர்.ஐ.யை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் செய்ய எந்த நாட்டு மருத்துவமனையாலும் எளிதில் இயலாது. ஆகவே சில படங்களை மட்டும் எடுக்கும் சுருக்கமான எம்.ஆர்.ஐ. முறைகள் ஆராயப்படுகின்றன. கட்டி தென்பட்ட பின் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் போட்டியிடுகின்றன. சி.டி. நொடிகளில் முடிந்துவிடும், மூச்சை நீண்ட நேரம் அடக்க முடியாதவர்களுக்கு உகந்தது, ஆனால் கதிர்வீச்சு உண்டு. சிறிய கட்டிகளை இனங்காண்பதில், ஈரல் செல்களே உறிஞ்சிக்கொள்ளும் சாயத்தைப் பயன்படுத்தும் எம்.ஆர்.ஐ. மேலானது.

இத்தனைக்கும் பிறகும் பயாப்சி ஓய்வு பெறவில்லை. ஊசியில் வரும் திசு முழு ஈரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்குதான். குத்திய இடத்தைப் பொறுத்து விடை மாறலாம். வலியும், அரிதாக இரத்தக் கசிவும் உண்டு. ஆண்டுதோறும் கண்காணிக்க அது ஏற்றதன்று. ஆயினும் ஈரல் கடினமாகியிருக்கிறது என்று சொல்லும் எம்.ஆர்.ஐ.யால், அதற்குக் காரணம் கொழுப்பா, உடலே தன் ஈரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சியா, ஒரு மருந்தின் பக்கவிளைவா என்று பிரித்துச் சொல்ல இயலாது. தன்னெதிர்ப்பு அழற்சிக்கு ஸ்டீராய்டு தொடங்க வேண்டும், மருந்தால் வந்ததென்றால் அந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்று சிகிச்சை எதிரெதிராகப் பிரியும்போது, அந்தச் சிறு துணுக்குத் திசுவை நுண்ணோக்கியின் அடியில் பார்க்காமல் மருத்துவர்கள் பெரும்பாலும் முடிவெடுப்பதில்லை.